பல் டாக்டரும் தமிழ் மறவனும்

வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கிடக்கும் மனிதனோடு வாக்குவாதம் செய்வது தர்மமில்லை. அடையாறில் எங்கள் தெருவில் இருந்த பல் டாக்டரம்மா அதைத்தான் செய்தார். நாக்கின் மேல் கண்ணாடி, கடைவாயில் எச்சில் உறிஞ்சும் குழாய், கண்ணுக்கு நேரே விளக்கு என்று நான் மல்லாந்து கிடக்கும்போதுதான், போன வாரம் தெருமுனையில் நான் சொன்ன ஏதாவது ஒன்று அவருக்கு ஞாபகம் வரும்.

“அன்னிக்குச் சொன்னீங்களே சார், உங்க பால்கனிக்கு மலைப் பட்டாம்பூச்சி ஒண்ணு வந்துச்சுன்னு. அது எலுமிச்சை அழகி. அதைப் பாக்க மலைக்குப் போக வேண்டாம். அண்ணா நகர்லயும் இருக்கும், ஆம்பூர்லயும் இருக்கும்.”

நான் “ஆ” என்றேன்.

“பெரிசா இருந்துச்சுன்னு சொல்ல வர்றீங்க. பெரிசுதான். பெரிசா இருக்கிறதெல்லாம் மலைல இருந்து வராது. கொப்பளிங்க.”

கொப்பளித்துவிட்டு நிமிர்ந்து பதில் சொல்லலாம் என்று பார்த்தால் அதற்குள் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டிருப்பார்.

அப்போது அவருக்கு ஐம்பது வயதை ஒட்டி இருக்கும். தனியாகத்தான் இருந்தார். ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் முன்னறை கிளினிக், பின்னறை வீடு. மற்றப் பல் டாக்டர்களின் சுவரில் சிரிக்கும் பெண்ணின் படம் இருக்கும். இவருடைய சுவரில் தமிழ்நாட்டு வரைபடம் ஒன்று தொங்கியது. மழை கூடிய இடமெல்லாம் கரும்பச்சை, குறைந்த இடமெல்லாம் வெளிர்மஞ்சள். பல்லைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள்.

அவர் வாயிலிருந்து வராத சொல் ஒன்று உண்டு. ‘வலிக்காது’ என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஊசியைக் கையில் எடுத்தால், “வலிக்கும். கொஞ்ச நேரம்தான். அப்புறம் மரத்துப்போயிடும்” என்பார். சின்னக் குழந்தையிடமும் அதையேதான் சொல்வார். குழந்தை வீறிடும். தாய்மார்கள் தூக்கிக்கொண்டு வேறு டாக்டரிடம் ஓடுவார்கள். “பசங்ககிட்டயாவது எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும்னு சொல்லக்கூடாதா?” என்று என் மனைவி ஒருமுறை கேட்டாள்.

“எறும்பு கடிக்கிற மாதிரி இருக்காதே” என்றார் அவர்.

நான் தி. நகரில் ஒரு விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்தேன். ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் புடவைக் கடைகளுக்கு வாசகம் எழுதுவது என் பிழைப்பு. ‘நாடே வியக்கும்’, ‘வரலாறு காணாத’ என்பதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. இப்படிப்பட்டவனுக்கு இப்படிப்பட்ட அயல்வீட்டுக்காரர். ஒரு கடையில் பட்டாம்பூச்சி போட்ட பட்டு ஒன்று இறக்கினார்கள். ‘மெரினாவில் சிறகடிக்கும் மலையழகி’ என்று எழுதி, பூச்சியின் பெயர் சரியா என்று பார்க்கத்தான் அவரிடம் காட்டினேன்.

“மெரினாவை அடிச்சிடுங்க” என்றார்.

“டாக்டர், இது புடவை.”

“புடவைல என்ன பூச்சி வேணும்னாலும் போட்டுக்கோங்க. மலையழகின்னும் சொல்றீங்க, மெரினான்னும் சொல்றீங்க. அது மெரினால என்னத்தைத் தின்னும்?”

கடைக்காரருக்கு அந்த வாசகம் மிகவும் பிடித்திருந்தது. மெரினாவோடு சேர்த்தே பெரிய பலகையில் ஏறியது. மூன்று தெருவுக்கு ஒன்று வைத்தார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்குத்தான் பல் கூசியது.

அந்த வரைபடம் எதற்கு என்று நான் கேட்டிருக்கக் கூடாது. கோடை விடுமுறைக்குக் குன்னூர் போய்த் திரும்பிய நேரம். அங்கே வழியெல்லாம் விதவிதமாகப் பறந்தது, இங்கே ஏன் நாலைந்து வகைக்கு மேல் கண்ணில் படுவதில்லை என்று பேச்சுவாக்கில் கேட்டு, அந்த வரைபடம் எதற்கு என்றும் கேட்டுவிட்டேன். அவர் கையுறையைக் கழற்றிவிட்டு வரைபடத்தின் கரும்பச்சையில் விரலை வைத்தார். வெளியே இரண்டு பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

“மேக்கால இருந்து வர்ற காத்து மலைல முட்டி, இருக்கிற மழையில முக்காவாசியை அங்கயே கொட்டிடுது. நமக்கு ஐப்பசி கார்த்திகைதான் மழை. மத்த நாளெல்லாம் மண்ணு காஞ்சு கிடக்கும். பட்டாம்பூச்சியைப் பாக்காதீங்க சார், புழுவைப் பாருங்க. அதுக்குக் கொழுந்து வேணும். அதுவும் எல்லாக் கொழுந்தும் ஆகாது, தன்னோட செடியோட கொழுந்துதான் வேணும். வருஷம் முழுக்க ஈரம் கேக்கற மரம் இங்க வளராது. மரம் இல்லேன்னா புழு இல்ல. புழு இல்லேன்னா பூச்சி எங்க இருந்து வரும்? நம்ம எருக்கைப் பாருங்க. எந்த வெயிலுக்கும் பச்சையா நிக்கும். அதைத் தின்னற வெந்தய வரியனும் நிக்கும்.”

“வெயில்தான் வருஷத்துக்கு வருஷம் ஏறுதே. அதுக்குப் பயந்து எல்லாம் மலை ஏறிடுமோ?” என்றேன், பேச்சை முடித்து வைக்கும் எண்ணத்தில்.

“குளிர்ச்சி கேக்கற பூச்சி கொஞ்சம் கொஞ்சமா மேல போகும்னு சொல்றாங்க. நான் பாத்ததில்ல, படிச்சதுதான்.” கையுறையைத் திரும்ப மாட்டிக்கொண்டார். “உச்சிக்குப் போனப்புறம் அது எங்க ஏறும்னுதான் தெரியல.”

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவளுக்கு டாக்டர் மேல் எப்போதும் ஒரு பட்சபாதம். “கேட்டதுக்குத்தானே பதில் சொன்னாங்க?” என்றாள்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடிய எரிச்சல். மனை விவகாரம் அப்படியில்லை.

எங்கள் குடியிருப்பை உருவாக்கியபோது பொதுவுக்கென்று ஒரு மனையை விட்டிருந்தார்கள். என் பால்கனிக்கு நேர் எதிரே. யாரும் தொடாததால் எருக்கும் கிலுகிலுப்பையும் மண்டி, நடுவில் ஒரு நாட்டு எலுமிச்சை தானாக வளர்ந்து நின்றது. மாலையில் கடல்காற்று அதன் வழியாகத்தான் என் வீட்டுக்கு வரும். குடியிருப்போர் சங்கத்தின் தலைவர் பாலங்கள் கட்டி ஓய்வுபெற்ற இன்ஜினியர். புல் முளைத்த தரையைப் பார்த்தால் அவருக்குக் கை அரிக்கும். மனை முழுவதும் கல் பாவி, நடைபாதையும் இறகுப்பந்துத் தளமும் போடலாம் என்று முடிவுசெய்து பொதுக்குழுவைக் கூட்டச் சொன்னார்.

எனக்குப் பட்டாம்பூச்சி மேல் தனிப் பாசம் எதுவும் கிடையாது. எனக்கு அந்தக் காற்று வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் தூக்கம் வேண்டும். ஆனால் என் காற்று, என் தூக்கம் என்று சொன்னால் யார் கை தூக்குவார்கள்? பட்டாம்பூச்சி என்றால் தூக்குவார்கள். டாக்டரும் மனை அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் விரும்பினார். ஆகவே கட்சி சேர்ந்தோம்.

அந்த மழைக்காலத்தின் கடைசியில் ஒரு நாள் முற்பகல், எலுமிச்சை மரத்தைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று பறந்தது. கருப்பு இறக்கை, அதில் நீலம் தெளித்தது போலிருந்தது. டாக்டருக்குப் போன் செய்தேன். முகக் கவசத்தோடு, கையுறையோடு, யாரோ ஒருவரை வாய் பிளந்தபடி விட்டுவிட்டு ஓடி வந்தார். அவர் ஓடி அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். கவசத்துக்கு மேலே கண் இரண்டும் பளபளத்தன.

“நீல அழகி” என்றார்.

“மலைப் பூச்சிதானே?”

“மலைப் பக்கம்தான் அதிகம்.”

“அப்ப போட்டுடலாம். நம்ம மனையில நீல அழகி இருக்குன்னு.”

“வந்திருக்குன்னு போடுங்க.”

“ரெண்டும் ஒண்ணுதானே டாக்டர்?”

“எப்படிங்க ஒண்ணாகும்? மழை முடிஞ்சு காத்துல ஈரம் இருக்கு, எப்படியோ வந்து சேர்ந்திருக்கு. இங்கயே முட்டை வெச்சு, புழுவாகி, கூடு கட்டி, சித்திரை வெயிலையும் தாங்கி, மறுபடி இதே மரத்துல பறந்தா இருக்குன்னு நானே சொல்றேன். இப்ப வந்திருக்கு. அவ்வளவுதான்.”

அடுத்த நாள் அது இல்லை. பிறகும் வரவில்லை. எனக்குக் கோபம் பூச்சி மேலா, டாக்டர் மேலா என்று தெரியவில்லை. வராத ஒன்றை நம்பிப் பயனில்லை என்று, நானே ஒரு பேனர் தயாரித்தேன். தொழில் தெரிந்தவன் அல்லவா? ‘அரிய வண்ணத்துப்பூச்சிகளின் சரணாலயம் காப்போம்’ என்று மேலே எழுதி, கீழே தமிழ் மறவன் படத்தைப் பெரிதாகப் போட்டேன். செம்மஞ்சளில் கருப்பு ஓரம் வைத்த, நம் மாநிலத்துக்கென்றே தேர்ந்தெடுத்த பட்டாம்பூச்சி. அது இங்கே இருக்கிறது என்று நான் எங்கும் எழுதவில்லை. படத்தை மட்டும்தான் போட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மனையின் ஓரத்தில் சாமியானா கட்டிக் கூட்டம் நடந்தது. தலைவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பேனரைப் பார்த்தார்.

“இந்தப் பூச்சி நம்ம மனையில இருக்கா?”

“அரிய பூச்சிகள் பல இருக்குங்க” என்றேன்.

“பலதைக் கேக்கல சார். இதைக் கேக்கறேன்.”

எல்லோரும் டாக்டரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“இல்ல” என்றார் அவர்.

“எப்பவாவது வருமா?”

தலைவர் நல்ல மனிதர். கதவை ஒருக்களித்துத்தான் வைத்திருந்தார். ‘வரலாம்’ என்ற ஒரு சொல் போதும். நான் டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நான் இங்க பாத்ததில்ல. யாரும் பாத்ததா எனக்குத் தெரியாது. அது மேற்கு மலைக் காட்டுப் பூச்சி. அதோட புழு தின்னற மரம் அங்க ஈரத்துல வளர்றது. இந்தக் காத்துக்கும் வெயிலுக்கும் அது இங்க இருக்காது.”

“பேர்லயே தமிழ் இருக்கே டாக்டர்?” என்றார் பின் வரிசையில் ஒருவர்.

“பேரு நாம வெச்சது. அதைக் கேட்டு வெக்கல.”

சிரிப்பு எழுந்தது. என் பேனர் காற்றில் படபடத்தது.

“அப்ப இங்க என்னதான் இருக்கு?” என்று கேட்டார் தலைவர்.

“வெந்தய வரியன் இருக்கு. எலுமிச்சை அழகி இருக்கு. மழைக்கு முன்னாடி, பின்னாடி எல்லாம் நீல வரியன் கூட்டமா வந்து அந்தக் கிலுகிலுப்பைல உக்காந்துட்டுப் போகும். எல்லாம் சாதாரணப் பூச்சிதான். சென்னைல எந்தக் காலி மனையிலயும் இருக்கும்.”

“அப்ப இந்த மனைதான்னு இல்லையே மேடம்?”

“இல்ல” என்றார். சற்று யோசித்து, “ஆனா காலி மனை எங்க இருக்கு?” என்றார்.

கல் பாவலாம் என்பவர்கள் கை தூக்கலாம் என்றார் தலைவர். கைகள் உயர்ந்தன. நாங்கள் தோற்றோம். கூட்டம் கலைந்ததும் தலைவர் டாக்டரோடு மனைக்குள் நடந்தார். எந்தச் செடி எங்கே என்று கேட்டார். கிழக்குச் சுவரை ஒட்டி எருக்கும் கிலுகிலுப்பையும் அடர்ந்த இடத்தைக் காட்டினார் டாக்டர். மறுநாள் சுண்ணாம்புக் கோடு போட்டபோது அந்தச் சுவரோரத்தை ஒரு பட்டையாக விட்டிருந்தார்கள். மற்றதெல்லாம் கல்.

கோடு போட்ட அன்று வாசலில் வைத்து டாக்டரிடம் கேட்டேவிட்டேன். “உங்க ஒரு வார்த்தைல மனை போச்சு. வரலாம்னு சொல்லியிருந்தா என்ன டாக்டர்?”

“அடுத்த வருஷம் யாராவது வந்து, எங்க, மறவனைக் காட்டுன்னா?”

“அடுத்த வருஷத்தை அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.”

“புழுதான் சார் அப்படி இருக்கும், இன்னிக்கு இலையை மட்டும் பாத்துக்கிட்டு.”

குப்பத்திலிருந்து தினமும் வரும் மீன்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். “ஆமான்னு ஒரு வார்த்த சொல்லிகினு போயிருந்தா இன்னா டாக்டரம்மா கொறஞ்சிருக்கும்? ஒரு பூச்சிக்கா இத்தினி ரகள?”

“சங்கராவைக் கூடைல வெச்சுக்கிட்டு வஞ்சிரம்னு விப்பீங்களா?” என்று கேட்டார் டாக்டர்.

மீன்காரம்மா கொஞ்சம் யோசித்தார். “அது வாங்க வர்றவனப் பொறுத்து கீது.”

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டால் சமாதானமாகிவிட்டதாக ஆகுமே என்று உள்ளே போய்விட்டேன். அதன் பிறகு பல மாதம் டாக்டரோடு பேசவில்லை. காற்று வந்த திசையிலிருந்து வெக்கை வந்தது. ஞாயிறு காலைகளில் இறகுப்பந்து அடிக்கிறவர்களின் கூச்சல். சுவரோரப் பட்டையில் டாக்டர் குனிந்து எருக்கு இலையின் அடிப்பக்கத்தைப் பார்ப்பது பால்கனியிலிருந்து தெரியும். முழு மனையையும் கேட்டிருக்க வேண்டியவர், அந்தப் பட்டைக்காக நன்றியோடு குனிந்து நிற்பதைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரியும்.

அந்தக் கோடையில் என் இடது கன்னத்தின் உட்புறம் வெள்ளையாக ஒரு திட்டு வந்தது. காரம் பட்டால் எரிந்தது. பாக்கு போடும் வழக்கம் எனக்கு உண்டு. டாக்டரிடம் போக ரோஷம் விடவில்லை. அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பளபளப்பான கிளினிக்குக்குப் போனேன். அங்கே ஓர் இளைஞர் எட்டிப் பார்த்து, “ஒண்ணும் இல்ல சார், உடம்புச் சூடு. இளநி குடிங்க” என்றார். எவ்வளவு நல்ல டாக்டர் என்று நினைத்தேன். இளநீராகக் குடித்தேன். திட்டு அப்படியே இருந்தது. கடைசியில் மனைவி கையைப் பிடித்து எங்கள் தெரு டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

டாக்டர் பழையதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. விளக்கை இழுத்து வைத்து வெகுநேரம் பார்த்தார். நான் வாயைத் திறந்திருந்தும் அவர் பேசாமல் இருந்தது அன்றுதான்.

“ஒண்ணும் இல்லைல்ல டாக்டர்?”

“தெரியல.”

“பாத்தா எப்படி இருக்கு?”

“பாத்துச் சொல்ற விஷயமில்ல சார் இது. சதைத் துணுக்கு எடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப் பாக்கணும்.”

“ஒரு தைரியத்துக்காவது ஒண்ணும் இல்லைன்னு சொல்லுங்களேன்” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“ரிசல்ட் வந்ததும் நான் ஒண்ணு சொல்வேன். அதை நீங்க நம்பணும் இல்லையா?”

இப்படியும் ஒரு ஆறுதல் உண்டா? துணுக்கு எடுத்து அனுப்பிவிட்டுக் காத்திருந்த அந்த ஒரு வாரமும் நான் அவரை மனத்துக்குள் திட்டிக்கொண்டே இருந்தேன். பயத்தை விட அது சுலபமாக இருந்தது. முடிவு வாங்கப் போன அன்று கிளினிக்கைச் சாத்திவிட்டு அவரும் எங்களோடு ஆட்டோவில் ஏறிக்கொண்டார். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மூவரும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். தோளைத் தட்டவில்லை, சாமி பெயரைச் சொல்லவில்லை. கருநீல வரியனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். மலையில் மழை வலுக்கும் முன் கூட்டம் கூட்டமாக இந்தப் பக்கம் இறங்கி வரும், பிறகு திரும்பும். வந்ததேதான் திரும்புகிறதா, அதன் பிள்ளைகளா என்று தனக்குத் தெரியாது. வழியில் காற்று எதிர்த்து அடித்தால் தரையோடு தாழ்ந்து பறக்கும் என்றார்.

“இதைக் கேக்கற நிலைமைலயா டாக்டர் நான் இருக்கேன்?”

“இல்லைதான்” என்றார். பிறகும் சொன்னார். நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். காகிதத்தை அவர் கையில் கொடுத்தேன். முதலில் ஒருமுறை படித்தார், மறுபடி முதலிலிருந்து படித்தார். “ஒண்ணும் இல்ல” என்றார்.

என் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அந்தச் சொல் என் நெஞ்சில் முழுவதும் இறங்குவதற்குள் அவர் திருத்தினார். “இப்போதைக்கு ஒண்ணும் இல்ல. பாக்கை விடலேன்னா நாளைக்கு இதையே சொல்ல மாட்டேன்.”

பாக்கை விட்டேன். அவரோடு சமாதானமானேன் என்று சொல்ல முடியாது. மறுபடி சண்டை போடத் தொடங்கினோம். மனையை முழுசாகக் கேட்டிருக்கலாம் என்று இன்றைக்கும் நான் சொல்வேன்.

இரண்டு வருஷம் கழித்து அவர் கிளினிக்கைக் காலி செய்தார். தென்காசியில் இருக்கும் தங்கைக்குப் பக்கவாதம், பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. தெருவில் எல்லோரும், “மலையடிவாரம் டாக்டர், இனி உங்க மறவனைத் தினமும் பாக்கலாம்” என்று வாழ்த்தினார்கள். “தங்கச்சியைப் பாக்கத்தான் போறேன்” என்று ஒவ்வொருவரிடமும் திருத்திக்கொண்டே பெட்டிகளைக் கட்டினார்.

கிளம்பிய அன்று சாயங்காலம் வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். என் மனைவி வழிக்குத் தயிர்சாதம் கட்டிக் கொடுத்தாள். நான் என்ன பேசுவது என்று தெரியாமல் வண்டியின் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“திரும்பி வருவீங்கல்ல டாக்டர்?”

“தெரியல சார்.”

“வருவேன்னுதான் ஒரு வார்த்தை சொல்லுங்களேன். ஊருக்குப் போற எல்லாரும் சொல்றதுதானே? யாரும் வந்து கணக்குக் கேக்க மாட்டாங்க.”

அவர் வண்டியின் முன்னிருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினார். கண்ணாடியை இறக்கினார். என்னைப் பார்த்தார், என் மனைவியைப் பார்த்தார், வாயைத் திறந்து மூடினார்.

“சொல்லணும்னுதான் சார் இருக்கு” என்றார்.